ஸ்போர்ட்ஸ் பைக்கா? டூரர் பைக்கா? தினமும் வேலைக்கு போக எது பெஸ்ட்?

சென்னை,

கடனை உடனை வாங்கியாவது ஒரு "கெத்தான" பைக் எடுத்துவிட வேண்டும் என்பது வேலைக்கு போகும் வாலிபர்கள் பலரின் ஆசை. முன்பக்கம் கூர்மையான மூக்கு, குனிந்து ஓட்டும் ஹேண்டில் பார், அகலமான பின் டயர் என்று ஷோரூம் கண்ணாடிக்குள் நிற்கும் ஸ்போர்ட்ஸ் பைக்கை பார்த்தாலே மனசு அலைபாயும்.

ஆனால் அந்த பைக்கை ஓட்டப்போவது ரேஸ் டிராக்கில் அல்ல. தாம்பரம், பல்லாவரம், கிண்டி என்று சிக்னலுக்கு சிக்னல் நின்று போகும் ஜி.எஸ்.டி. ரோட்டில். வாங்கிய 2 மாதத்தில் "கை வலிக்குது, முதுகு வலிக்குது" என்று புலம்பி, பாதி விலைக்கு தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. வண்டி போனாலும் இ.எம்.ஐ. போகாது!

அதே மாதிரி தோற்றத்தில், ஆனால் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டும்படி வருவதுதான் ஸ்போர்ட்ஸ் டூரர் ரகம். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? தினமும் வேலைக்கு போக எதை எடுக்கலாம்? இதோ விவரம்:-

ஹேண்டில் பாரை பாருங்க

இரண்டு ரகத்துக்கும் முக்கியமான வித்தியாசம் என்ஜினில் இல்லை. ஹேண்டில் பாரிலும், கால் வைக்கும் புட்ரெஸ்ட்டிலும்தான் இருக்கிறது.

ஸ்போர்ட்ஸ் பைக்கில் ஹேண்டில் பார் ஒரே கம்பியாக இருக்காது. இடது, வலது என்று 2 துண்டாக, முன் போர்க்கில் தாழ்வாக மாட்டியிருப்பார்கள். "கிளிப்-ஆன்" என்று இதற்கு பெயர். புட்ரெஸ்ட் பின்னால் தள்ளி, உயரமாக இருக்கும். அதனால் ஓட்டுகிறவர் டேங்க் மேல் படுத்த மாதிரி குனிய வேண்டும்.

டூரர் ரகத்திலும் பெரும்பாலும் இதே மாதிரி 2 துண்டு ஹேண்டில் பார்தான். ஆனால் அது சில அங்குலம் உயரமாக, உடம்புக்கு கிட்டத்தில் இருக்கும். புட்ரெஸ்ட்டும் அவ்வளவு பின்னால் போகாது. முதுகு லேசாக மட்டும் சாயும்.

நம்ம ஊரில் இதற்கு உதாரணம் சொல்வது சுலபம். 2008-ல் வந்த யமஹா ஆர்15 பக்கா ஸ்போர்ட்ஸ் ரகம். 2003-ல் ஹீரோ ஹோண்டா கொண்டு வந்த 223 சி.சி. கரிஸ்மா, நீண்ட தூரம் போகிறவர்களின் வண்டி என்று பெயர் எடுத்தது. இப்போதைய வண்டிகளில் 2023-ல் வந்த ஹீரோ கரிஸ்மா எக்ஸ்.எம்.ஆர்., 2019-ல் வந்த சுசூகி ஜிக்சர் எஸ்.எப்.250 ஆகியவை டூரர் ரகத்துக்கு நெருக்கமானவை. வெளிநாடுகளில் டூரர் என்றால் 1000 சி.சி.க்கு மேல் கூட இருக்கும். நம்ம பாக்கெட்டுக்கும் ரோட்டுக்கும் இந்த 250 சி.சி. வரைதான் கணக்கு.

மணிக்கட்டு ஏன் வலிக்குது?

ஸ்போர்ட்ஸ் பைக்கை தப்பாக தயாரித்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. அது வேகத்துக்காக தயாரித்த வண்டி.

மணிக்கு 100 கி.மீ.க்கு மேல் போகும்போது எதிர்காற்று நெஞ்சில் வந்து மோதும். அந்த காற்றே உடம்பை கொஞ்சம் தாங்கிப் பிடிக்கும். கையில் பாரம் குறையும். குனிந்திருப்பதால் காற்றும் தலைக்கு மேல் ஓடிவிடும். வளைவில் வண்டியை சாய்க்கவும் சவுகரியம்.

ஆனால் 20, 30 கி.மீ. வேகத்தில் எதிர்காற்று ஏது? தாங்குவதற்கு ஆள் இல்லை. நெஞ்சு, தோள், தலை, தலையில் இருக்கிற ஹெல்மெட் எல்லாவற்றின் பாரமும் நேராக 2 மணிக்கட்டில் இறங்கும். ரோட்டை பார்க்க கழுத்தை வேறு தூக்க வேண்டும். போதாக்குறைக்கு சிக்னலில் நிமிஷத்துக்கு 10 தடவை கிளட்ச்சை பிடிக்க வேண்டும்.

இதனால்தான் ஈ.சி.ஆரில் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜோராக இருந்த அதே வண்டி, திங்கட்கிழமை காலை கத்திப்பாராவில் ஆளை கொன்று எடுக்கிறது. வண்டி அதேதான், வேகம்தான் மாறிவிட்டது.

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் வேலைக்கு போகிறவர்களுக்கு இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக் தெரிந்திருக்கும். 1990-ல் திறந்த, சுமார் 3.7 கி.மீ. சுற்றளவு கொண்ட அந்த டிராக்குக்குள் சிக்னலும் இல்லை, வேகத்தடையும் இல்லை, குறுக்கே வரும் ஷேர் ஆட்டோவும் இல்லை. ஸ்போர்ட்ஸ் பைக்கின் வீடு அதுதான். அதே பக்கத்து தொழிற்சாலைகளில் ஷிப்ட் முடித்து பூந்தமல்லி வழியாக வீடு திரும்புகிறவர்களுக்கு வேண்டியது வேறு வண்டி.

ஏற்கனவே ஸ்போர்ட்ஸ் பைக் வைத்திருக்கிறவர்கள் ஒன்றை பழகிக் கொள்ளலாம். கையை விறைப்பாக ஊன்றாதீர்கள். முழங்காலால் டேங்கை இறுக்கிப் பிடித்து, வயிறு, இடுப்பு பலத்தில் உடம்பை நிறுத்துங்கள். முழங்கையை லேசாக மடித்து வையுங்கள். பாதி வலி குறையும். வண்டியை விட்டு இறங்கிய பிறகும் விரல்கள் மரத்துப் போனால் சும்மா விடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள்.

நெரிசலில் எது சமாளிக்கும்?

ஆர்15-ல் 155 சி.சி. என்ஜின். 18.4 குதிரைத்திறன் சக்தி. ஆனால் அந்த சக்தி முழுசாக கிடைப்பது என்ஜின் நிமிஷத்துக்கு 10 ஆயிரம் தடவை சுற்றும்போது. இழுவை சக்தியான டார்க் 14.2 நியூட்டன் மீட்டர்.

ஜிக்சர் எஸ்.எப்.250-ல் டார்க் 22.2. கரிஸ்மா எக்ஸ்.எம்.ஆரில் 20.4. டிராபிக்கில் நமக்கு உதவுவது இந்த இழுவைதான். பாலத்தில் ஏறும்போதும், பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும்போதும் அடிக்கடி கியர் மாற்றாமல் போகலாம். இடது கைக்கும் காலுக்கும் வேலை மிச்சம்.

அடுத்தது திருப்பம். ஸ்போர்ட்ஸ் பைக்கில் தாழ்வான ஹேண்டில் பாரை ரொம்ப திருப்பினால் கை டேங்கில் இடிக்கும். அதனால் கொஞ்சம்தான் திரும்பும். ராயபுரம், தண்டையார்பேட்டை மாதிரி குறுகிய தெருக்களில் ஒரே மூச்சில் யூ-டர்ன் அடிக்க முடியாது. முன்னும் பின்னும் தள்ளித்தான் திருப்ப வேண்டும்.

டூரர் பக்கமும் குறை இருக்கிறது. எடை! ஆர்15 சுமார் 141 கிலோ. ஜிக்சர் எஸ்.எப்.250 161 கிலோ. கரிஸ்மா எக்ஸ்.எம்.ஆர். 163½ கிலோ. கிட்டத்தட்ட 20 கிலோ அதிகம். ரெயில்வே ஸ்டேஷன் ஸ்டாண்டில் நெருக்கியடித்து நிறுத்திய வண்டிகளுக்கு நடுவே இழுத்து வெளியே எடுக்கும்போது தெரியும் சேதி!

சூடும் ஒரு விஷயம். 2 ரகத்திலும் என்ஜினை பிளாஸ்டிக் கவர் மூடியிருக்கும். "பேரிங்" என்று சொல்வார்கள். கத்திரி வெயிலில் சிக்னலில் நிற்கும்போது சூடு தொடைப்பக்கம் வீசும். இதில் 2 ரகமும் ஒன்றுதான்.

அம்மாவை எங்கே உட்கார வைப்பது?

வண்டி வாங்கும்போது பலரும் மறந்துவிடும் கேள்வி இதுதான். நம்ம வீட்டில் பைக் ஒருத்தருக்கு மட்டும் சொந்தமில்லை. அம்மாவை ஆஸ்பத்திரிக்கு கூட்டிப் போவது, மனைவியை பஸ் ஸ்டாப்பில் விடுவது, ரேஷன் அரிசி எடுத்து வருவது எல்லாம் அதில்தான்.

ஸ்போர்ட்ஸ் பைக்கின் பின் சீட் ஒரு கைக்குட்டை அகலம்தான். முன் சீட்டை விட ரொம்ப உயரம். பின்னால் ஏறுகிறவர் மேலே தொங்குகிற மாதிரி இருக்கும். பிரேக் பிடித்தால் அவருடைய முழு எடையும் ஓட்டுகிறவர் முதுகில் சாயும். அந்த பாரமும் சேர்ந்து மறுபடி மணிக்கட்டுக்குத்தான் போகும்.

புடவை கட்டிய பெண்கள் ஒரு பக்கமாக உட்காருவது இந்த சீட்டில் ரொம்ப ஆபத்து. பின்னால் உட்காருகிறவருக்கு கைப்பிடியும், புட்ரெஸ்ட்டும், துணி சிக்காமல் இருக்க பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பும் இருக்க வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி. "லுக் கெட்டுப்போகுது" என்று அந்த சாரி கார்டை கழற்றிப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். துப்பட்டாவோ முந்தானையோ ஒரு தடவை சக்கரத்தில் சிக்கினால் உயிருக்கே உலை. தயவுசெய்து கழற்றாதீர்கள்.

டூரர் ரகத்தில் பின் சீட் கொஞ்சம் அகலம், உயர வித்தியாசமும் குறைவு. அதற்காக சொகுசு என்று நினைத்துவிட வேண்டாம். சாதாரண 125 சி.சி. பைக்கின் நீளமான சீட்டுக்கு முன்னால் இரண்டுமே நிற்காது.

டிபன் பாக்சுக்கும் இடம் பாருங்க. 2 ரகத்திலும் பை மாட்ட கொக்கி கிடையாது. முதுகில் பேக் மாட்டினால் ஸ்போர்ட்ஸ் பைக்கில் அந்த பாரமும் கைக்குத்தான் வரும். பின் சீட்டில் பையை வார் போட்டு கட்டிக்கொள்வது நல்லது.

கணக்கு போட்டு பாருங்க

எல்லா விஷயத்திலும் டூரர்தான் ஜெயிக்கும் என்று நினைக்காதீர்கள். பெட்ரோலில் ஆர்15 கொஞ்சம் முந்தும். என்ஜின் சின்னது, எடையும் குறைவு.

போக வர தினமும் 40 கி.மீ., மாதம் 25 நாள் என்றால் 1000 கி.மீ. வரும். பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 155 சி.சி. வண்டி லிட்டருக்கு 45 கி.மீ. கொடுத்தால் மாதம் சுமார் ரூ.2,220 செலவு. 250 சி.சி. வண்டி 35 கி.மீ. கொடுத்தால் சுமார் ரூ.2,860. மாதம் 640 ரூபாய் வித்தியாசம். 60 கி.மீ. கொடுக்கும் சாதாரண பைக் என்றால் ரூ.1,670-ல் வேலை முடிந்தது.

இன்சூரன்சில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. புது பைக்குக்கு 5 வருட மூன்றாம் நபர் இன்சூரன்சை மொத்தமாக கட்ட வேண்டும் என்பது 2018 முதல் உள்ள நடைமுறை. 2022-ல் நிர்ணயித்த கட்டணப்படி, 75-க்கு மேல் 150 சி.சி. வரை உள்ள வண்டிக்கு 5 வருடத்துக்கு ரூ.3,851. 150-ஐ தாண்டி 350 சி.சி. வரை என்றால் ரூ.7,365. வெறும் 5 சி.சி. அதிகம் என்பதால் 155 சி.சி. வண்டியும் 250 சி.சி. வண்டி கட்டும் அதே தொகையை கட்டுகிறது!

வரியில் ஒரு நல்ல சேதி. 350 சி.சி. வரை உள்ள பைக்குகளுக்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்தில் இருந்து 18 சதவீதமாக 2025 செப்டம்பர் 22-ந் தேதி குறைந்தது. நாம் பேசும் 3 வண்டிகளும் இதில் அடக்கம். ஆனால் ஷோரூம் போர்டில் இருக்கும் விலையோடு கணக்கை முடித்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் உயர்த்திய சாலை வரி விகிதப்படி, 1 லட்சம் ரூபாய்க்கு மேல் விலையுள்ள பைக்குக்கு 12 சதவீதம் வரி. அதோடு இன்சூரன்ஸ், பதிவு கட்டணம். "ஆன் ரோடு எவ்வளவு?" என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

கடனிலும் உஷார்! 1½ லட்சம் ரூபாயை 3 வருட தவணையில் எடுப்பதாக வைத்துக்கொள்வோம். "10 சதவீதம் வட்டி" என்பார்கள். அது குறைந்துவரும் அசலுக்கான வட்டி என்றால் மாத தவணை சுமார் ரூ.4,840. "பிளாட்" வட்டி என்றால் ரூ.5,417. அதே 10 சதவீதம்தான். ஆனால் 3 வருடத்தில் 20 ஆயிரம் ரூபாய்க்கு மேல் கூடுதலாக கட்டியிருப்பீர்கள். கையெழுத்து போடும் முன்பே கேட்டுவிடுங்கள்.

வாங்கின பிறகு

கவர் மூடிய வண்டி நின்ற இடத்தில் சாய்ந்தாலும் செலவுதான். சாதாரண பைக் கீழே விழுந்தால் லீவர் வளையும், இண்டிகேட்டர் உடையும். இதில் பக்கவாட்டு பிளாஸ்டிக்கே கீறி, விரிசல் விடும். சில வேலைகளுக்கு முதலில் இந்த கவரை கழற்ற வேண்டும் என்பதால் லேபர் சார்ஜும் கூடலாம்.

டயரும் அப்படித்தான். ஆர்15-க்கு பின்னால் 140 மி.மீ. அகல டயர். ஜிக்சர் எஸ்.எப்.250-க்கு 150 மி.மீ. சாதாரண 100 சி.சி. வண்டிக்கு 80 மி.மீ. அகலம் போதும். அகலம் கூட கூட விலையும் கிடுகிடு.

உதிரி பாகங்களுக்கு ஜி.பி. ரோட்டிலும், பழைய சாமான்களுக்கு புதுப்பேட்டையிலும் முதலில் ஒரு நடை விசாரித்துவிட்டு வண்டியை முடிவு செய்வது புத்திசாலித்தனம். ஹெட்லைட், கண்ணாடி, பக்கவாட்டு கவர் இந்த மூன்றின் விலையை மட்டும் கேட்டாலே போதும், செலவு புரிந்துவிடும்.

செகண்ட் ஹேண்டில் ஸ்போர்ட்ஸ் பைக் எடுப்பதாக இருந்தால் கவருக்கு உள்ளே பாருங்கள். புது பெயின்ட் பளபளக்கும், உள்ளே கொக்கி உடைந்து கம்பி போட்டு கட்டியிருக்கும். ஹேண்டில் முனை, லீவர் முனை, புட்ரெஸ்ட் முனை தேய்ந்திருந்தால் வண்டி விழுந்து எழுந்தது என்று அர்த்தம்.

பெற்றோர் கவனத்துக்கு

"காலேஜ் சேர்ந்ததும் பைக் வாங்கித் தருகிறேன்" என்று பிளஸ்-2 பையனுக்கு வாக்கு கொடுத்திருக்கிறீர்களா? 18 வயது முடியாமல் கியர் வண்டிக்கு லைசென்ஸ் கிடையாது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகன சட்டப்படி, 18 வயதுக்கு கீழ் உள்ளவர் வண்டி ஓட்டி குற்றம் நடந்தால் பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு ரூ.25 ஆயிரம் அபராதமும், 3 ஆண்டு வரை ஜெயிலும் உண்டு. வண்டியின் பதிவும் 12 மாதம் ரத்தாகும்.

ஹெல்மெட் போடாவிட்டால் தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் ரூ.1,000 அபராதம். பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம். வண்டி பட்ஜெட்டிலேயே 2 நல்ல ஹெல்மெட்டுக்கு பணம் ஒதுக்கிவிடுங்கள்.

டெஸ்ட் டிரைவில் இதை செய்யுங்க

ஷோரூம் வாசலில் 2 நிமிஷம் ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கீழே உள்ள 5 சோதனையில் எல்லாம் தெரிந்துவிடும்.

1. வண்டி மேல் உட்கார்ந்து 2 காலையும் ஊன்றிப் பாருங்கள். ஆர்15 சீட் உயரம் 815 மி.மீ., கரிஸ்மா எக்ஸ்.எம்.ஆர். 810, ஜிக்சர் எஸ்.எப்.250 800. குள்ளமானவர்களுக்கு இந்த வித்தியாசமே பெரிசு.

2. வண்டி நிற்கும்போதே குனிந்து ஹேண்டில் பாரை பிடித்து 5 நிமிஷம் அப்படியே இருங்கள். கை கடுக்க ஆரம்பித்தால், அரை மணி நேர டிராபிக் உங்களுக்கு ஆகாது.

3. ஒரு தெருவில் முழுசாக திருப்பி யூ-டர்ன் அடித்துப் பாருங்கள்.

4. வீட்டில் யார் அடிக்கடி பின்னால் உட்காருவாரோ அவரை கூட்டிப் போய் ஏறி இறங்கச் சொல்லுங்கள். அவர் முகத்தை பார்த்தாலே விஷயம் புரியும்.

5. கண்ணாடியில் பின்னால் வருவது தெரிகிறதா, உங்கள் தோள்பட்டை மட்டும் தெரிகிறதா என்று பாருங்கள்.

யாருக்கு எது?

தினமும் 30, 40 கி.மீ. போகணும், அதில் பாதி தூரமாவது பூந்தமல்லி - ஸ்ரீபெரும்புதூர், தாம்பரம் - செங்கல்பட்டு மாதிரி ஹைவேயில், வருடத்தில் சில தடவை சொந்த ஊருக்கும் பைக்கிலேயே போவேன் என்கிறவர்களுக்கு டூரர் ரகம் சரி. பெட்ரோலுக்கு மாதம் சில நூறு கூடும். முதுகுக்கும் கைக்கும் மிச்சம்.

வயசு இருபதுகளில், தனி ஆள், தினமும் 10 கி.மீ.க்குள்தான் ஓட்டம், பின்னால் யாரும் ஏற மாட்டார்கள், லீவு நாளில் காலாற ஒரு ரவுண்டு போகணும் என்றால் ஸ்போர்ட்ஸ் பைக் எடுக்கலாம். தப்பில்லை.

முழுக்க முழுக்க ஊருக்குள்ளேதான் ஓட்டம், வீட்டில் எல்லோருக்கும் அந்த ஒரே வண்டிதான், சம்பளத்தில் தவணை போக மிச்சம் பார்க்கணும் என்றால் இரண்டுமே வேண்டாம். 125 சி.சி. சாதாரண பைக்தான் ராஜா. வாங்கின பிறகு வருத்தப்பட வேண்டிய வேலையே இல்லை.

எதை எடுத்தாலும் சரி, சி.சி. எவ்வளவு, டாப் ஸ்பீடு எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால் உங்கள் ரோட்டில் எவ்வளவு வேகம் போக முடியும் என்று யோசியுங்கள். அந்த வேகத்தில் கை வலிக்காமல் ஓட்ட முடிகிற வண்டிதான் உங்களுக்கான வண்டி.